அரிட்டாபட்டியை ஒரு நாளில் நடந்து படிக்க: பாறை, சுனை, கண்மாய், கல்வெட்டு

அரிட்டாபட்டிக்கு முதல் முறை போனபோது நான் ஒரு தப்பு செய்தேன். வண்டியை நிறுத்தியதும் நேராகக் கல்வெட்டைத் தேடி ஓடினேன். பார்த்தேன், படம் எடுத்தேன், குடைவரைக் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன், திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஊரைப் பற்றி ஒன்றுமே மனதில் நிற்கவில்லை. இத்தனை குன்றுகள் இருக்க, அந்தக் குன்றில் ஏன் சமணத் துறவிகள் தங்கினார்கள்? எங்கோ தெற்கே இருந்தவர்கள் இங்கே வந்து ஏன் ஒரு குகையைச் செய்து கொடுத்தார்கள்? எதற்கும் பதில் தெரியவில்லை.

அடுத்த முறை வரிசையை மாற்றினேன். தண்ணீர் போகிற வழியில் போனேன். மழை விழும் பாறை, அது தங்கும் சுனை, வழிந்து சேரும் கண்மாய், கண்மாய்க்குக் கீழே வயல், அதற்கு அப்புறம்தான் கல்வெட்டு. அந்த வரிசையில் பார்த்தபோதுதான் ஊர் புரிந்தது. இந்த வழிகாட்டியும் அதே வரிசைதான்.

போகும் முன்

அரிட்டாபட்டி மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து ஏறக்குறைய 25 கி.மீ. அழகர்மலைக்கும் மதுரை – மேலூர் நான்குவழிச் சாலைக்கும் இடைப்பட்ட பகுதி. மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலிருந்து மேலூர் போகும் பேருந்துகள் நாள் முழுக்க உண்டு. சாலையை விட்டு உள்ளே போகும் தூரத்துக்குத்தான் சொந்த வண்டி வசதி. பைக் இருந்தால் போதும், கார் தேவையே இல்லை.

மாதம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்ததும், மார்கழி, தை, மாசியில் போங்கள். சுனையிலும் கண்மாயிலும் தண்ணீர் கிடக்கும், வெயிலும் தாங்கும். சித்திரையில் போனால் காலை பத்து மணிக்கே பாறை தோசைக்கல்லாகிவிடும். மழை பெய்துகொண்டிருக்கும்போது பாறையில் ஏறவே வேண்டாம். கறுப்பாகப் படிந்திருக்கும் பாசி ஈரத்தில் எண்ணெய் மாதிரி வழுக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை: ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ, தொப்பி, ஒரு சின்ன டார்ச், முடிந்தால் பைனாகுலர். டார்ச் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. சுற்றுலாத் தலம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், இது ஒரு ஊர்.

முந்தின நாள் ராத்திரி போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். வெளிறிய சாம்பல் திட்டுகள் எல்லாம் பாறை. அவற்றின் அடியில் பிறை வடிவில் தெரிவது கண்மாய். வளைந்த கோடு கரை. அந்தக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் பள்ளமான பக்கம். கரைக்கு வெளியே பச்சைக் கட்டங்களாகத் தெரிவது வயல். இதைப் பார்த்துவிட்டுப் போனால் வழி கேட்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

முதல் படி: பாறையில் நின்று மழையைக் கணக்குப் போடுங்கள்

காலை ஆறரைக்குள் போய்ச் சேருங்கள். இங்குள்ள குன்றுகள் தொடர்மலை அல்ல. சமவெளியில் தீவு தீவாகத் தனித்தனியாக எழும்பி நிற்பவை. அரசு அறிவிக்கை ஏழு குன்றுகள் என்கிறது. சுற்றியிருந்த மென்மையான பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து போக, உறுதியான பாறை மட்டும் மிஞ்சி நிற்கிறது. பகல் வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் மேல்தோல் பாளம் பாளமாகக் கழன்று விழும். பாளம் கழன்ற இடத்தின் அடிப்பக்கத்தில் குடைவு உண்டாகும். அந்தக் குடைவுக்கு இந்தப் பக்கத்தில் புடவு என்று பெயர். பின்னால் நாம் பார்க்கப் போகும் துறவிகளின் வீடு அதுதான்.

ஏதாவது ஒரு பாறைச் சரிவில் நின்று இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு ஹெக்டேர் வெற்றுப் பாறை. அதன் மேல் 10 மி.மீ. மழை, அதாவது சாதாரணமான ஒரு மழை. மொத்தம் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். மண்ணாக இருந்தால் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். பாறை உறிஞ்சாது. கிட்டத்தட்ட முழுசையும் கீழே தள்ளிவிடும். இப்படிப் பல பத்து ஹெக்டேர் பாறை ஊரைச் சுற்றி நிற்கிறது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு மொட்டைப் பாறை, ஊர்க்காரர் கண்ணுக்கு அது தண்ணீர் பிடிக்கும் கூரை.

பாறை மேல் கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுவதைப் பாருங்கள். மழைநீர் வழக்கமாக ஓடும் தடம் அது. அந்தத் தடத்தைக் கண்ணால் தொடர்ந்து கீழே இறங்கினால், அது முடியும் இடத்தில் ஒரு சுனையோ ஓடையோ பெரும்பாலும் இருக்கும்.

இரண்டாம் படி: சுனை

பாறையின் மடிப்பிலும் வெடிப்பிலும் தங்கும் தண்ணீர் சுனை. சில சுனைகள் மழைத் தண்ணீர் தேங்கும் வெறும் குழிகள். மாசி, பங்குனியில் காய்ந்துவிடும். சில சுனைகளில் வெடிப்பு வழியாகக் கசிவு வந்துகொண்டே இருக்கும். அரசுக் கணக்குப்படி இந்தக் குன்றுகளை நம்பி 200 ஊற்றுகளும் 72 ஏரிகளும் 3 தடுப்பணைகளும் இருக்கின்றன. ஒரு நாள் நடையில் நான்கைந்து சுனையைப் பார்த்தாலே அதிகம். எண்ணிக்கையைச் சரிபார்க்கிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

சுனையில் காலை நனைக்காதீர்கள். இது சாமி விஷயம் மட்டுமில்லை. ஆடு மாடு, தேவாங்கு, அலங்கு, பறவை எல்லாம் குடிக்கிற தண்ணீர் அது. அலங்கு என்றால் எறும்புத்தின்னி. இரவில்தான் வெளியே வரும், நீங்கள் பார்க்க வாய்ப்பில்லை. கரையான் புற்றைத் தோண்டிப் போட்ட குழியைப் பார்த்தால் அது வந்து போன சுவடாக இருக்கலாம். புதருக்குள் கை விட வேண்டாம், மலைப்பாம்பு உள்ள இடம்.

மூன்றாம் படி: தலையைத் தூக்கிப் பாருங்கள்

வெயில் ஏற ஏறப் பாறைக்கு மேல் காற்று சூடாகி எழும்பும். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் கழுகு வகைகள் அந்தக் காற்றில் இறக்கை அடிக்காமல் வட்டம் போடும். இங்கே 250 அளவில் பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மூன்றுக்காகத்தான் பறவை ஆர்வலர்கள் வருகிறார்கள்: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிப் பருந்து. செங்குத்துப் பாறையின் விளிம்பில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தால், அதற்கு மேலே அவை அடிக்கடி வந்து உட்காரும் இடமோ கூடோ இருக்கும்.

கூட்டுக்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள். ட்ரோன் பறக்க விடவே கூடாது. நாம் போகச் சொல்லும் அதே குளிர்மாதங்கள்தான் இவற்றில் பல முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலம். தாய்ப்பறவை மிரண்டு அரை மணி நேரம் விலகினால் போதும், முட்டை வெயிலில் கெட்டுவிடும்.

நான்காம் படி: கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம்

என்னைக் கேட்டால் இந்த நாளின் சிறந்த பகுதி இதுதான். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

ஊரின் பெரிய நீர்நிலை ஆனைகொண்டான் கண்மாய். அரசுக் குறிப்பு இது 16-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் கட்டப்பட்டது என்கிறது. எனக்கு அந்த வரியில் சம்மதமில்லை. 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் ஆட்சி நாயக்கர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது, பாண்டியர் தென்காசிப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். நூற்றாண்டு சரியாக இருந்தால் அரசன் பெயர் இடிக்கிறது, அரசன் சரியென்றால் நூற்றாண்டு இடிக்கிறது. எப்படியும் பல நூறு ஆண்டுப் பழைய வேலை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கரை மேல் நடக்கும்போது ஐந்து விஷயங்களைத் தேடுங்கள். மலைப்பக்கமிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் வரத்துக்கால். தண்ணீர் பரவி நிற்கும் உள்பகுதி உள்வாய். வயலுக்குத் தண்ணீர் விடும் வாய் மடை. கண்மாய் நிரம்பினால் உபரி வழிந்து போகும் கல்கட்டு கலுங்கு. கலுங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் மறுகால். ‘கண்மாய் மறுகால் பாயுது’ என்று மேலூர்ப் பக்கம் சொன்னால் அந்த வருசம் விளைச்சலுக்குக் கவலையில்லை என்று அர்த்தம்.

கலுங்கில் நின்று மறுகால் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். அது வீணாகப் போவதில்லை. கீழே இன்னொரு கண்மாய்க்கு அதுவே வரத்து. அதன் மறுகால் அதற்கும் கீழே உள்ள கண்மாய்க்கு. ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி இது. மேலே ஒரு குன்றை உடைத்தால் கீழே எத்தனை ஊருக்குத் தண்ணீர் நிற்கும் என்பது இங்கே நின்றால் தானாகப் புரியும். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் வெட்டிப் போட்ட பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: கழிஞ்சமலைக் கல்வெட்டு

இப்போது கல்வெட்டுக்கு வரலாம். கழிஞ்சமலையின் புடவில், தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமியில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. ஒன்று இப்படிப் போகிறது:

நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்

நெல்வேலியைச் சேர்ந்த, செழியன் என்ற பாண்டியக் குடிப்பெயரோடு தொடர்புடைய அதினன் வெளியன் இந்தக் குகையைச் செய்து கொடுத்தான் என்பது பொருள். ‘முழாகை’ என்பதுதான் குகை. சங்கப் பாட்டில் புலி படுத்திருக்கும் ‘முழை’ நினைவிருக்கிறதா? அதே சொல்லின் உறவு. ‘கொடுபிதோன்’ என்பதைக் கொடுப்பித்தோன் என்று படிக்க வேண்டும். அந்தக் கால எழுத்தில் ஒற்று இரட்டிப்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. புள்ளியும் கிடையாது.

படிக்கத் தெரியாதவர்களும் ஒரு எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். பிராமியில் ‘க’ என்பது கூட்டல் குறி மாதிரி இருக்கும். அதன் தலையிலும் தோளிலும் ஒட்டியிருக்கும் சின்னக் கோடுகள் உயிர்க்குறிகள். வரியின் கடைசிப் பக்கத்தில் முழா‘கை’, ‘கொ’டுபிதோன் என்று இரண்டு க-வரிசை எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளைத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கியும் முன்னோக்கியும் எழுத்து எழுத்தாகப் பிடித்துக்கொண்டு போகலாம். எனக்கு முதலில் பிடிபட்டதும் அந்த இரண்டு எழுத்துதான்.

டார்ச் இதற்குத்தான். வெளிச்சத்தை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் பாறையோடு பாறையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டின் குழியில் நிழல் விழும், எழுத்து எழும்பி வரும். சாக்பீஸ் தடவுவது, எண்ணெய் பூசுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. தொடவும் வேண்டாம்.

இரண்டாவது கல்வெட்டு: இலஞ்சிய் வேள் மாபரவன் மகன் எமயவன் நல் முழஉகை கொடுபிதவன். இலஞ்சி வேள் மாபரவனின் மகன் எமயவன் கொடுத்த நல்ல குகை. தென்காசிக்குப் பக்கத்தில் குற்றால மலையடியில் இன்றும் இலஞ்சி என்ற ஊர் இருக்கிறது. நெல்வேலி, இலஞ்சி என்று இரண்டுமே தெற்கத்திப் பெயர்கள். திருநெல்வேலியும் இந்த இலஞ்சியும்தான் அவை என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அப்படியானால் நூறு கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்த பெரிய மனிதர்கள் இருவர் இந்த ஒரே புடவைத் தேடி வந்திருக்கிறார்கள். இன்னொன்று, இலஞ்சி என்ற சொல்லுக்கே நீர்நிலை என்று பொருள். காலையில் பார்த்த சுனையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே புடவின் அருகே சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் சிற்பம் ஒன்று, அமர்ந்த நிலையில், தலைக்கு மேல் முக்குடையோடு. கீழே, பிராமிக்குப் பின் வந்த பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. இது பிராமிக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிற்பட்டது. மலையின் பெயரைத் திருப்பிணையன் மலை என்கிறது. திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி. ஆனைமலை, சமணர்மலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர் புளியங்குளம் என்று மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எங்கே போனாலும் இந்தத் துறவியின் பெயரைப் பார்க்கலாம். கல்வெட்டின் கடைசியில் இந்தத் திருமேனிக்குப் பாதுகாப்புப் பொறுப்பு பாதிரிக்குடியார் என்று வருகிறது. செய்து வைத்ததோடு விட்டுவிடாமல், யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆறாம் படி: குடைவரையில் இலகுலீசர்

குன்றின் இன்னொரு பகுதியில் 7, 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவன் குடைவரை இருக்கிறது. கருவறைக்குள் உள்ள லிங்கம் தாய்ப்பாறையிலேயே குடைந்தது. வாசலின் இருபுறமும் காவலர்கள். முகப்பில் ஒரு மாடத்தில் பிள்ளையார், இன்னொன்றில் இலகுலீசர். பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இலகுலீசரிடம் போய்விடுங்கள். தமிழ்நாட்டில் இவரை எளிதில் பார்க்க முடியாது. குஜராத்தின் காயாவரோகணத்தில் தோன்றியவராகச் சொல்லப்படும், பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவின் ஆசான். இலகுலம் என்றால் தண்டு, தடி. அதுதான் அவர் அடையாளம். நாகப்பட்டினம் காரோணம், குடந்தைக் காரோணம் என்று தேவாரத்தில் வரும் காரோணமும் காயாரோகணம் என்பதன் தேய்வுதான்.

குஜராத்துச் சைவமும் வடக்கேயிருந்து வந்த சமணமும் ஒரே குன்றைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. கோயில் வழிபாட்டில் உள்ளது, செருப்பை வெளியே விடுங்கள். பூட்டியிருந்தால் ஊரில் கேளுங்கள்.

ஏழாம் படி: ஊருக்குள் பேசுவது

மதியம் நிழலில் சாப்பிடும்போது ஊர்க்காரர்கள் வந்து, ‘எங்கிருந்து வர்றீங்க, எதுக்கு?’ என்று கேட்பார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதல் தலம். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், இந்தப் பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை, சுமார் 20 சதுர கி.மீ., ஒன்றிய அரசு ஏலம் விட்டது. மேலூர் வட்டார ஊர்கள் திரண்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. அதனால் காமிராவும் வரைபடமும் கையுமாகப் பாறையில் ஏறும் ஆளைப் பார்த்தால் விசாரிக்கத்தான் செய்வார்கள். பெயர், ஊர், வந்த காரணத்தைச் சொல்லுங்கள். வயதானவர்களை ‘ஐயா’, ‘அம்மா’ என்று கூப்பிட்டு, ‘இந்தச் சுனைக்கு என்ன பேரு?’ என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், அப்புறம் நீங்கள் பேச வேண்டியதே இல்லை.

எட்டாம் படி: நேரமிருந்தால் மாங்குளம்

மூன்று மணிக்கு மேல் மீனாட்சிபுரம் பக்கம் போகலாம். தொல்லியல் நூல்களில் இதன் பெயர் மாங்குளம். இங்குள்ள மலைக்கு ஓவாமலை, கழுகுமலை என்று இரண்டு பெயரும் உண்டு. (கோவில்பட்டிப் பக்கத்துக் கழுகுமலை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஏற்றம் கொஞ்சம் கடினம். மேலே புடவுகளில் துறவிகள் படுத்த கற்படுக்கைகள். பாறையை வழவழவெனச் செதுக்கி, தலைமாட்டைச் சற்று உயர்த்தியிருப்பார்கள். ஆறு கல்வெட்டுகள். ராபர்ட் சீவெல் 1882-இல் இவற்றைக் குறிப்பிட்டார். இதில் உள்ளது தமிழ்தான் என்று 1924-இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைப் பிறகு படித்தவர் ஐராவதம் மகாதேவன். கணி நந்தன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், செய்து கொடுத்தான் என்கிறது அந்தக் கல்வெட்டு.

இன்னொன்றில் ‘வெள்அறை நிகமதோர்’ என்று வருகிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. மதுரை – மேலூர் சாலையில் உள்ள வெள்ளரிப்பட்டிதான் அந்த வெள்ளறை என்பது பொதுவான கருத்து. காலையில் நீங்கள் வந்த பேருந்து அந்த ஊர் வழியாகத்தான் வந்திருக்கும்.

ஐந்தரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். இறங்கும்போது பாறையில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும், கீழே கண்மாயில் மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சம் மிஞ்சியிருக்கும்.